இருளில் முடியும் சங்கீதம்

2004 டிசம்பர் 26 இல் கல்முனைக்குடிக் கரையைக் கடற்கோள் அழித்தது. அதிலே மைந்தனை இழந்த கிறித்தவ நண்பர் ஒருவர், “துதிபாட நா எழவில்லை, விசுவாசம் அற்றேனோ?” என என்னிடம் வினவினார்.

விவிலியத்தின் 150 சங்கீதங்களுள் முறையீடுகள் பல. அவற்றுட் பெரும்பாலன துதியில் முடிவன. 88 ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகின்றது. அதனையும் திருமறையினின்று முன்னோர் நீக்கினாரல்லர். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அன்றுதான் அவர் வாய்விட்டழுதார். அன்றிரவு சிறிது உறங்கினார் என்று அவர்தம் மனைவியார் கூறினார்.

முறையிடுவோன், கேட்போன் ஒருவன் உளன் என்று நம்பியன்றோ முறையிடுகின்றான்? மகன் யூசுபை நினைந்தழுது கண்ணொளி இழந்த யஃகூப் நபியும் தம் துயரை இறைவனிடமே முறையிட்டார். அவ்வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எனக்கு, நண்பரின் கண்ணீரும் வழிபாடாகவே தோன்றிற்று.