ஈ.சி.ஜி. 'நார்மல்'... ஆனாலும் தாத்தா மயங்கி விழுந்தது ஏன்? காட்டிக்கொடுக்கும் 24 மணி நேர பதிவு!

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு..."

வயசானவர்கள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. தரையில் தண்ணீர் கிடந்ததா, சோப்பு கிடந்ததா என்றுதான் நாம் பார்ப்போம். ஆனால் எல்லோரும் வழுக்கி விழுவதில்லை. சிலருக்கு இதயத்துடிப்பு சில வினாடிகள் நின்றுபோய், மூளைக்கு ரத்தம் போகாமல் மயக்கம் வந்து, அதனால் விழுகிறார்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி ஈ.சி.ஜி. எடுத்தால் "நார்மல்" என்று வந்துவிடும். "பித்தம்தான், எலுமிச்சம்பழ ஜூஸ் குடுங்க" என்று விஷயம் முடிந்துவிடும். இங்கேதான் ஆபத்தே இருக்கிறது.

சாதாரண ஈ.சி.ஜி.யில் பதிவாவது சுமார் 10 வினாடி. அதற்குள் இதயம் 12 தடவை துடித்தாலே அதிகம். ஒரு நாளைக்கோ சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. காலையில் வந்த கோளாறு மதியம் எடுத்த ஈ.சி.ஜி.யில் எப்படி தெரியும்?

இடுப்பில் ஒரு பெட்டி

இதற்குத்தான் 'ஹோல்டர்' கருவி. கண்டுபிடித்த அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் பெயரையே வைத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, சின்ன பெட்டியை இடுப்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 24 அல்லது 48 மணி நேரம் ஒவ்வொரு துடிப்பும் பதிவாகும். குளிக்க மட்டும் கூடாது. எத்தனை மணிக்கு கிறுகிறுப்பு வந்தது, எப்போது மாடி ஏறினார் என்று ஒரு தாளில் எழுதி வைக்கணும். அந்த நேரத்தில் இதயம் என்ன செய்தது என்று டாக்டர் ஒத்துப்பார்ப்பார். துடிப்பு நின்று நின்று வந்தால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கலாம்.

இன்னொன்றும் இதில் மாட்டும். பெயர் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்'. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காக சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கி கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்தான். அமெரிக்காவின் பிரமிங்காம் ஊரில் 1948 முதல் நடந்துவரும் ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு என்று 1991-ல் வெளியிட்டார்கள். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. முன்கூட்டியே தெரிந்தால், ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் மாத்திரை தருவார். அதை நாமாக ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

கடிகாரம் மாதிரி துடித்தால் நல்லதா?

இல்லையாம்! மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். இதுதான் ஆரோக்கியம். அதே பிரமிங்காமில் 736 முதியவர்களுக்கு 2 மணி நேர பதிவை வைத்துப் பார்த்தார்கள். இந்த ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தவர்களே அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் இறந்தார்கள் என்று 1994-ல் தெரியவந்தது. இது ஜோசியம் இல்லை. யாருக்கு கூடுதல் கவனிப்பு வேணும் என்று சொல்லும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து 1 நிமிடம் நாடி பாருங்க. சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை சரி. தாறுமாறாக விட்டு விட்டு துடித்தால் டாக்டரிடம் காட்டணும். பேரன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் எச்சரித்தாலும் டாக்டரிடம் போங்க. ஆனால் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்க்காமல் 108-க்கு போன் போடுங்க.

பழைய ஈ.சி.ஜி. தாளை தூக்கிப் போட்டுடாதீங்க. அதோடு புதுசை ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். அந்த தாள் நாளடைவில் மங்கிடும், லேமினேஷன் போட்டால் சூட்டில் கறுத்துடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு வைங்க.