ஒரே மேஜையில் மூன்று ஊர்ச் சாப்பாடு! - திருச்சி கல்லூரிகளில் பண்பாட்டுக் கொண்டாட்டமும் விழிப்புணர்வு நாள்களும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் பால்பண்ணை, அரியமங்கலம் தாண்டினால் காட்டூர். அப்படியே நேராகப் போனால் திருவெறும்பூர், பெல், துவாக்குடி. இந்தப் பாதையில் ஓடும் டவுன் பஸ்ஸில் புதிய கல்வியாண்டு தொடங்கும் நாள்களில் ஏறிப் பாருங்கள். பெரிய சூட்கேஸுடன் ஒரு பையன், பக்கத்தில் முகம் வாடிய அம்மா, பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் தவிக்கும் அப்பா. இந்தி, தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று எந்த மொழியும் காதில் விழலாம். கண்டக்டரும் கைஜாடையிலேயே டிக்கெட் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தையும் காட்டிவிடுவார்.

காரணம், துவாக்குடியில் இருக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003-ல் என்.ஐ.டி ஆனது. இங்கே பி.டெக் இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. மறுபாதி மற்ற மாநிலத்தவர்களுக்கு. வெளிநாட்டு மாணவர்களும் வருகிறார்கள். வீட்டில் அம்மா சமைப்பதை மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த 18 வயதுப் பிள்ளைகள், ஒரே ஹாஸ்டலில், ஒரே மெஸ்ஸில், நான்கு வருடம் சேர்ந்து வாழ வேண்டும். இதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

கலாம் சாப்பிட்ட அந்த ஞாயிறு விருந்து

இந்தப் பாடத்தைத் திருச்சியில் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் குடியரசுத் தலைவரானார்.

1950-ல் ராமேஸ்வரத்திலிருந்து திருச்சி தூய வளனார் கல்லூரிக்குப் படிக்க வந்தார் அப்துல் கலாம். ஹாஸ்டலில் அவருடைய அறைத் தோழர்கள் இருவர். ஒருவர், ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பையன். இன்னொருவர், கேரளாவைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவர். முஸ்லிம் இளைஞரான கலாமையும் சேர்த்தால், மூன்று மதம், மூன்று ஊர், மூன்று விதச் சமையல்.

மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸின் செயலாளர் பொறுப்பு கலாமிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்லூரி ரெக்டர் களத்தில் பாதிரியாரை விருந்துக்கு அழைத்தார்கள் நண்பர்கள். அவரவர் வீட்டுப் பக்குவத்தில் சிறந்ததையெல்லாம் எடுத்து ஒரே மேஜையில் வைத்தார்கள். பாதிரியார் மனம் திறந்து பாராட்டினாராம். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த விருந்துக்கு பேனர் இல்லை, சிறப்பு விருந்தினர் மேடை இல்லை, குத்துவிளக்கு ஏற்றவில்லை. இன்று பல்கலைக்கழகங்கள் ‘பண்பாட்டுப் பன்முகம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டாடுவதன் சாரம், அந்த ஒருவேளைச் சாப்பாட்டில் இருந்தது.

ஊரின் ரத்தத்திலேயே இருக்கிறது

திருச்சிக்கு இது புதிதும் அல்ல. மலைக்கோட்டை மேலே நின்று சுற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் ஸ்ரீரங்கம் கோபுரம், அடிவாரத்தில் தெப்பக்குளத்தை ஒட்டி லூர்து அன்னை ஆலயம், சற்றுத் தொலைவில் நத்தர்வலி தர்கா. மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு உள்ளேயே துலுக்க நாச்சியாருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. டெல்லி சுல்தானின் மகள், அரங்கன் மேல் கொண்ட அன்பினால் அவரைத் தேடி ஸ்ரீரங்கம் வரை வந்தாள் என்பது கோயில் வழி வரும் கதை. அந்த நாச்சியாருக்காக ரொட்டி படைப்பது இன்றும் வழக்கம். புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் மணக்கும் மடைப்பள்ளியில், வடக்கே இருந்து வந்தவளுக்காக ரொட்டியும் தயாராகிறது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி வேண்டுமா, சாதம் வேண்டுமா என்று சண்டை போடும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

கல்லூரிகளின் வரலாறும் அப்படித்தான். தூய வளனார் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு இடம் மாறியது. 1919-ல் தேசியக் கல்லூரி, 1923-ல் பெண்களுக்காக ஹோலி கிராஸ் கல்லூரி, 1951-ல் ஜமால் முகமது கல்லூரி, 1966-ல் பிஷப் ஹீபர் கல்லூரி... நிறுவியவர்கள் வெவ்வேறு சமயத்தவர்கள். வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்தவர்களோ எல்லோரும். 1982-ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியது. காட்டூரில் இருக்கும் உருமு தனலட்சுமி கல்லூரி உட்பட இந்த வட்டாரக் கல்லூரிகள் பலவும் அதன் குடையின்கீழ் வருகின்றன.

ஆட்டம், பாட்டு, பூக்கோலம்

கல்லூரி காலண்டரைப் புரட்டினால் கொண்டாட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் ஓணம் வந்தால் பூக்கோலம். ஜனவரியில் கரும்பு கட்டி, பானை வைத்து, வேட்டி சேலையில் பொங்கல். மார்ச்சில் ஹோலி வண்ணம். என்.ஐ.டி-யில் 1975 முதல் நடக்கும் ‘ஃபெஸ்டெம்பர்’ விழாவில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மொழிவாரியாகவே இலக்கியப் போட்டிகள் உண்டு.

வேட்டியைக் கட்டத் தெரியாமல், பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வரும் வடநாட்டு மாணவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நல்ல சிரிப்புதான் அது. ஆனால், மறுநாள் வகுப்பில் அவன் தப்பும் தவறுமாகத் தமிழில் ஒரு கேள்வி கேட்கும்போது வரும் சிரிப்பு எப்படிப்பட்டது? பரீட்சை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிகளை 2016-ல் விரிவுபடுத்தியது. ஒருவரின் நிறம், மதம், சாதி, பாலினம், பிறந்த ஊர், பேசும் மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டிக் கேலி செய்வதோ, ஒதுக்கி வைப்பதோகூட ராகிங்தான் என்று அது சொல்கிறது. அடித்தால்தான் ராகிங் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஹிந்திக்காரன்’, ‘மதராஸி’, ‘சிங்கி’ என்று பட்டப்பெயர் வைப்பதெல்லாம் விளையாட்டுக் கணக்கில் சேராது.

பிப்ரவரி 21: ஒரு துப்பாக்கிச் சூட்டின் நினைவு

விழிப்புணர்வு நாள்களில், கல்லூரி மாணவர்களுக்கு மிக நெருக்கமானது பிப்ரவரி 21. உலகத் தாய்மொழி நாள். கோலப்போட்டி, கவிதைப்போட்டி என்று கடந்துபோகும் அந்த நாளுக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது.

1952 பிப்ரவரி 21. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் டாக்காவில், வங்க மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி வேண்டும் என்று பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. மாணவர்கள் உயிரிழந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, கனடாவில் வாழ்ந்த ரஃபிகுல் இஸ்லாம், அப்துஸ் சலாம் என்ற இரண்டு வங்கதேசத்தவர்கள் எடுத்த முயற்சியால் யுனெஸ்கோ 1999-ல் அந்த நாளை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

திருச்சிக்கு இந்த வலி தெரியும். 1964 ஜனவரி 25-ம் தேதி, கட்டாய இந்தியை எதிர்த்துக் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தது இதே திருச்சி ரயில் நிலையத்தில்தான். தன் மொழிக்காக இவ்வளவு கொடுத்த ஊருக்கு, அடுத்தவர் தாய்மொழியின் அருமையும் தெரிந்திருக்க வேண்டும். அரசின் திணிப்பை எதிர்ப்பது வேறு, அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்து வந்த பிள்ளையை ஒதுக்குவது வேறு.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டுமே இந்தியாவில் 121. நம் ரூபாய் நோட்டிலோ அவ்வளவு மொழிக்கு இடமில்லை. ஒரு ஹாஸ்டல் தாழ்வாரத்தில் ஏழெட்டாவது இருக்கும். பிப்ரவரி 21 அன்று ஒவ்வொரு மாணவரும் பக்கத்து அறைக்காரரின் மொழியில் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டாலே போதும், அந்த நாள் வீணாகாது.

தமிழ் பேசியும் அந்நியர்

மொழி ஒன்றாக இருந்தும் தனித்து நிற்பவர்களும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் கொட்டப்பட்டிலும், துவாக்குடிக்குப் பக்கத்தில் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்த இடங்கள் இவை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறிவிட்டது. வகுப்புத் தோழர்களின் பார்வையும் மாற வேண்டும். ஜூன் 20 உலக அகதிகள் நாள். கல்லூரிகள் திறக்கும் பருவம். யாழ்ப்பாணத்துப் புட்டும் சொதியும் ஒரு உணவுத் திருவிழாவில் இடம்பெறுவது மகிழ்ச்சிதான். அந்தப் பிள்ளைக்கு வேலைவாய்ப்பு விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டத்தில் கை நின்றுபோகும் என்பதும் நண்பர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒருநாள் பேரணியா, தினமும் சாய்தளமா?

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள். 1992-ல் ஐ.நா. அறிவித்தது. கல்லூரி வாசலில் பதாகை பிடித்துப் பேரணி போகும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேரணி முடியும் கட்டடத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் இருக்கிறதா? முதல் மாடி நூலகத்துக்கு லிஃப்ட் இருக்கிறதா? பார்வையற்ற மாணவருக்குப் பாடப்புத்தகம் ஒலிவடிவில் கிடைக்கிறதா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. புதியது 21 வகைகளை ஏற்றது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் இதில் சேரும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவிகித இடம் இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். தேர்வில் உதவி தேவைப்படும் மாணவர், தனக்காக எழுத ஆள் கேட்கலாம். மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் உண்டு. இது சலுகை அல்ல, உரிமை. பிள்ளைக்கு இந்த உரிமை இருப்பது தெரியாமலேயே கல்லூரிக் கனவைக் கைவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. விழிப்புணர்வு நாள் முதலில் போய்ச்சேர வேண்டியது அந்த வீடுகளுக்குத்தான்.

அக்டோபர் 10, உலக மனநல நாளுக்கும் இதே கதை. முதல் செமஸ்டரில் அரியர் விழுந்து, வீட்டுக்குச் சொல்லப் பயந்து, பேச மொழித்துணையும் இல்லாமல் அறைக்குள் முடங்கும் பிள்ளைக்குச் சுவரொட்டி உதவாது. கதவைத் தட்டி, ‘வா, டீ குடிக்கலாம்’ என்று கூப்பிடும் ஒரு நண்பன் உதவுவான். கூடவே ஒரு எண்ணையும் நினைவில் வைக்கலாம்: 14416. ‘டெலி மானஸ்’ என்ற இந்த அரசு மனநல உதவி எண் 2022-ல் மனநல நாளன்றுதான் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

காலண்டரில் குறித்துவையுங்கள்

ஜனவரி 12 - தேசிய இளைஞர் நாள்
பிப்ரவரி 21 - உலகத் தாய்மொழி நாள்
ஏப்ரல் 2 - உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்
ஏப்ரல் 15 - தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள்
மே 21 - உலகப் பண்பாட்டுப் பன்முக நாள்
ஜூன் 20 - உலக அகதிகள் நாள்
செப்டம்பர் 24 - நாட்டு நலப்பணித் திட்ட நாள் (1969-ல் தொடங்கியது)
அக்டோபர் 10 - உலக மனநல நாள்
அக்டோபர் 15 - கலாம் பிறந்தநாள். தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள்
டிசம்பர் 1 - உலக எய்ட்ஸ் நாள்
டிசம்பர் 3 - மாற்றுத்திறனாளிகள் நாள்

நம் வீட்டு வாசலும் வளாகம்தான்

கல்லூரி மட்டுமே இதைச் செய்ய முடியாது. ஹாஸ்டல் பிள்ளைக்கு வளாகத்துக்கு வெளியே முதலில் தெரியும் தமிழ்நாடு எது? காட்டூரிலோ திருவெறும்பூரிலோ இருக்கும் மளிகைக்கடை, ஜெராக்ஸ் கடை, ஷேர் ஆட்டோ. அங்கே கிடைக்கும் மரியாதைதான், நம் ஊரைப் பற்றி அந்தப் பிள்ளை தன் வீட்டுக்கு போனில் சொல்லப்போகும் செய்தி.

பொங்கலுக்கு நான்கைந்து நாள்தான் லீவு. அசாமுக்கோ பீகாருக்கோ போய்த் திரும்ப ரயில் பயணத்துக்கே அது சரியாகிவிடும். அதனால் பல பிள்ளைகள் காலியான ஹாஸ்டலிலேயே தங்கிவிடுவார்கள். உங்கள் மகனோ மகளோ இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தால், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: “உன் கிளாஸ்ல ஊருக்குப் போகாம இருக்கிறது யாரு? வீட்டுக்குக் கூட்டிட்டு வா.”

ஒரு வாழை இலை கூடுதலாகப் போடுவதில் நமக்குக் குறையப்போவது ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்ததும், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்கள். இரண்டு அம்மாக்களுக்கும் மொழி புரியாது. ஆனாலும் பேசிவிடுவார்கள்!