மண்ணில் பழகிய கை, தாரில் பழகாத கண்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல வீடுகளில் மோட்டார் சைக்கிள் பழக்கம் மண்ணில்தான் தொடங்குகிறது. மொஜாவே பாலைவனத்து மணல்வெளியில், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதிலேயே பிள்ளைகள் 50 சிசி டர்ட் பைக்கில் விழுந்து எழுந்து ஓட்டிப் பழகுகிறார்கள். லைசென்ஸ் எடுக்கும் வயது வந்ததும் தார்ச்சாலைக்கு வருகிறார்கள். ‘சின்ன வயசிலிருந்தே ஓட்டுகிறவன், அவனுக்குப் புதுசா என்ன சொல்லிக்கொடுப்பது?’ என்று வீட்டில் நினைப்பது இயல்புதான்.

அந்த நினைப்புக்கு ஆதாரமும் உண்டு. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் டர்ட் பைக் அனுபவம் உள்ளவர்கள் கணிசமாகக் குறைவு என்பது அதன் முடிவுகளில் ஒன்று. எனக்கு இதில் வியப்பில்லை. பின்சக்கரம் வழுக்கினால் புதிதாக ஓட்டுகிறவர் பதறிப்போவார். மண்ணில் வளர்ந்தவருக்கு அது அன்றாடம் நடப்பது. பந்தய வீரர் கென்னி ராபர்ட்ஸ் மண் தடத்தில் சக்கரத்தைச் சறுக்கவிட்டே வளைவு எடுத்துப் பழகியவர். அந்தக் கையோடு தார் ஓடுதளத்துக்குப் போய் 1978 முதல் 1980 வரை மூன்று முறை 500 சிசி உலகப் பட்டத்தை வென்றார்.

ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. ஆபத்து நேரத்தில் பெரும்பாலானோர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. மண்ணிலிருந்து வருகிறவர் இந்த வரியை இரண்டு முறை படிக்கவேண்டும். மணலில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அடுத்த நொடி தரையில்தான். அதனால் கை முன் பிரேக்கைத் தொடவே யோசிக்கும், கால் பின் பிரேக்கைத் தேடும். தாரில் கதை வேறு. பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன்னால் வருகிறது. முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. வெடுக்கென்று இழுக்கக்கூடாது. முதலில் மெதுவாக அழுத்தி, முன் ஃபோர்க் அமுங்குவதைக் கையில் உணர்ந்து, பிறகு இறுக்கவேண்டும். ஆளில்லாத பார்க்கிங் மைதானத்தில் இதைச் செய்து செய்து கை மறக்காதபடி ஆக்கிக்கொள்ள வேண்டும்.

வளைவிலும் பழக்கம் மாறவேண்டும். மண்ணில் உடம்பு நிமிர்ந்திருக்க, வண்டியை மட்டும் சாய்த்து, உள்பக்கக் காலை நீட்டுவார்கள். தாரில் உடம்பும் வண்டியோடு சாயவேண்டும், கால் மிதிகட்டையை விட்டு இறங்கக்கூடாது. நூற்றுப் பத்து கிலோ வண்டியிலிருந்து இருநூறு கிலோ வண்டிக்கு மாறுகிறவருக்கு எடையும் ஒரு பாடம். ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கண்ணுக்கு. மண்ணில் எதிரி தரை: கல், குழி, வேர். அவை இருந்த இடத்தில் இருக்கும். சாலையில் குறுக்கே வருவது இன்னொரு மனிதர். ஹர்ட் கணக்கில் சுமார் நான்கில் மூன்று விபத்துகள் வேறொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு, எதிர் ஓட்டுநர் வழிவிடாததால் நேர்ந்தவை. எதிரே வரும் கார் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பிக் குறுக்கே பாயும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால், நம்மூரில் வலப்பக்கம் திரும்பும் கார் செய்வதையே அது செய்கிறது. தப்பிக்கக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. சந்திப்பை நெருங்கும்போது ஓட்டுநரின் முகத்தை நம்பவேண்டாம்; நம்மைப் பார்ப்பதுபோல இருந்தும் பாராமல் திரும்புவார். காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள், அது முதலில் காட்டிக்கொடுக்கும். விரல்கள் அதற்குள் முன் பிரேக்கின் மேல் இருக்கவேண்டும்.

கலிபோர்னியாவில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயிற்சி வகுப்பு முடிக்காமல் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வாங்கமுடியாது. அந்த வயதைத் தாண்டிய டர்ட் பைக் ஓட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களும் போகவேண்டும் என்பேன், பதினைந்து வருடம் மண்ணில் ஓட்டியிருந்தாலும்.