பூட்டுச் செய்ய வேண்டா, பூட்டக் கற்போம்

சித்தூரில் ரேஷன் கடைக்குச் செல்லும் மூதாட்டி ஒருத்தி கருவியின்மேல் விரலை வைக்கிறாள். சற்று நேரத்தில் அரிசி அளக்கப்படுகிறது. அந்தச் சிறு பொழுதில் நடக்கும் வேலைகள் எத்தனை! கடவுச்சொல் களவு போனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். கைரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? ஆகவே, கடையிலிருந்து ஆதார் ஆணையத்துக்குச் செல்லும் வழியில் அது எவர் கண்ணிலும் படலாகாது.

ஆணையம் வகுத்த முறை இது: ஒவ்வொரு முறையும் 256 பிட் நீளமுள்ள புதிய சாவி ஒன்று உண்டாக்கப்படும். அதைக் கொண்டு ஏ.இ.எஸ். என்னும் முறையில் ரேகைச் செய்தியைப் பூட்டுவர். பின்னர் அந்தச் சாவியையே ஆணையத்தின் 2048 பிட் பொதுச்சாவியால், ஆர்.எஸ்.ஏ. முறையில் பூட்டி உடன் அனுப்புவர். இதைத் திறக்கும் தனிச்சாவி ஆணையத்திடம் மட்டுமே உண்டு. இரண்டு பூட்டு எதற்கு? ஏ.இ.எஸ். விரைவானது, ஆனால் இரு புறத்திலும் ஒரே சாவி வேண்டும். ஆர்.எஸ்.ஏ.வுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மிக மெதுவானது, சிறு செய்திக்கே ஏற்றது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

இவ்வளவையும் நிரல் எழுதுபவர் தாமே கணக்கிட்டு எழுதுகிறாரா? இல்லை, எழுதவும் கூடாது. வல்லுநர் எழுதி, பலரும் சோதித்த நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. 1998-இல் தோன்றிய ஓப்பன்எஸ்எஸ்எல் அவற்றுள் ஒன்று. ஜாவா மொழிக்குச் சொந்தத் தொகுப்பு உண்டு. உலாவிகளுக்கான வெப் கிரிப்டோ 2017-இல் தரமாக ஏற்கப்பெற்றது. நம் நிரல் இவற்றை அழைத்து வேலை வாங்கும் வாயிலுக்குத்தான் ஏ.பி.ஐ. என்று பெயர்.

அப்படியானால் கவலை ஒழிந்ததா? அதுதான் இல்லை! பூட்டு உறுதியாக இருந்தும் பூட்டுகிறவர் தவறினால் என்ன பயன்?

திருப்பதியில் மாணவர் ஒருவர் மதிப்பெண்களைத் தனித்தனியே மறைத்து வைக்க ஜாவாவில் நிரல் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். 'ஏ.இ.எஸ்.' என்று மட்டும் கேட்கிறார். ஜாவாவின் வழக்கமான தொகுப்பு வாய் திறவாமல் இ.சி.பி. என்னும் முறையைக் கொடுத்துவிடுகிறது. அம்முறையில் 16 பைட் கொண்ட ஒரே துண்டு, ஒரே சாவியில், எப்போதும் ஒரே மறைவடிவமாகவே மாறும். 72 வாங்கிய அனைவருக்கும் ஒரே குறி! ஒருவருடைய மதிப்பெண் தெரிந்தால் போதும், மற்றவர் கதையும் வெளிவந்துவிடும். ஜி.சி.எம். என்று விளக்கமாகக் கேட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் புதிய தொடக்க எண்ணும் கொடுத்திருந்தால், இந்த இடர் இல்லை.

கர்ல் என்னும் தொகுப்பின் கதை இன்னும் வேடிக்கை. எதிர்முனையில் இருப்பவர் உரியவர்தாமா எனச் சரிபார்க்க அதில் அப்போது 2 என்று இருக்க வேண்டியிருந்தது. பலர் 'ஆம்' என்னும் பொருளில் எழுதினார்கள். கணிப்பொறி அதை 1 என்று கொண்டது. பெயர் ஒத்துப்பார்க்கப்படவே இல்லை. 2012-இல் இது வெளிப்பட்ட பிறகே திருத்தினார்கள். குற்றம் எழுதியவருடையது மட்டுமா? 'ஆம்' என்றவனுக்கு 'இல்லை' என்று செய்யும் வாயிலை அமைத்தவரையும் கேட்க வேண்டாவா?

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இத்தகைய வாயில்களைப் பயன்படுத்தும் 11,748 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தது. 10,327 செயலிகளில் ஒரு பிழையேனும் இருந்தது. நூற்றுக்கு 88!

அப்பிழைகளுள் நம் மாணவர்கள் அடிக்கடி செய்யக்கூடியது, சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது. செயலியைப் பிரித்துப் பார்ப்பவன் கையில் சாவியும் சேர்ந்தே கிடைக்கும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே கீஸ்டோர் என்னும் வாயில் இருக்கிறது. சாவியை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், பூட்டு, திற என்று கேட்கலாமேயன்றி, சாவியைக் கொடு என்று நம் செயலியே கேட்டாலும் அது கொடுக்காது.