அட்டையைக் கோத்தவர் யார்?

ஆரணியில் பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலே தூக்கப்படும். துளை இல்லையேல் இழை எழாது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய இம்முறையில்தான் சேலைக் கரையில் மயிலும் மாங்காயும் பிறக்கின்றன.

அட்டை சரியா, தவறா என்று தறிக்குத் தெரியாது. எவரேனும் மாற்றிக் கோத்தாலும் அப்படியே நெய்துவிடும். கணிப்பொறியும் இத்தகையதே. நிரல்தான் அதற்கு அட்டை. மின்னணு ஜக்கார்டு வந்துள்ள தறிகளில் சேலை வடிவங்களே கணிப்பொறிக் கோப்புகளாகிவிட்டன. பல்லாண்டு உழைப்பு ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. அதனுள் தீய நிரல் புகுந்தால் என்னவாகும்?

அது பெரும்பாலும் நண்பனைப் போலவே வரும். வலைப்பக்கம் ஒன்றைப் பார்க்கும்போது, "உங்கள் உலாவி பழையது, உடனே புதுப்பியுங்கள்" என்று ஓர் அறிவிப்பு தோன்றும். 2011-இல் 'ஃப்ளாஷ்பேக்' என்னும் தீநிரல் ஃப்ளாஷ் பிளேயர் வேடத்தில் வந்தது. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆகவே இன்று அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை நம்பவே கூடாது.

உண்மையான புதுப்பிப்பை எப்படி அறிவது? உலாவியைத் தயாரிக்கும் நிறுவனம் அதில் மின்கையொப்பம் இடுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. உலாவி தானே பெறும் புதுப்பிப்பு இச்சோதனைக்குப் பிறகே நிறுவப்படும். வலைப்பக்கம் தரும் கோப்பை நாமே திறந்தாலோ, காவலை மீறிக் கதவைத் திறந்துவிட்டவர்கள் ஆவோம். எனவே உலாவியின் பட்டியலில் 'உதவி' பகுதிக்குச் சென்று அங்கிருந்தே புதுப்பியுங்கள். கைப்பேசியானால் பிளே ஸ்டோர் போன்ற அதற்குரிய கடையிலிருந்து மட்டும் பெறுங்கள்.

உலாவி உறைந்து நின்றால் பதற வேண்டாம். நினைவகப் பற்றாக்குறை, அளவுக்கு மீறித் திறந்த பக்கங்கள், பழுதான நீட்சி ஆகியவை வழக்கமான காரணங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விண்டோசில் பணி மேலாளர் திறக்கும். அதில் உலாவியை மூடிவிடலாம். மீண்டும் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்காதீர்கள். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

புதுப்பிக்காமலே இருப்பதும் ஆபத்து. 2017 மே மாதம் 'வான்னாகிரை' பரவியபோது, மார்ச்சிலேயே வெளியான திருத்தத்தைச் சேர்க்காத கணிப்பொறிகளே பெரிதும் சிக்கின. அதே ஆண்டு ஜூன் 27-இல் உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருளின் உண்மையான புதுப்பிப்பு வழியாகவே 'நாட்பெட்யா' பரவியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையமும் முடங்கியது. அத்தகைய நாளில் கைகொடுப்பது படி ஒன்றே. வடிவங்களைத் தனி வட்டில் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி வையுங்கள்.

தவறுதலாகப் போலியைத் திறந்துவிட்டால் இணையத்தைத் துண்டியுங்கள்; வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். 2017-இல் தொடங்கிய மைய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா துப்புரவுக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

புது அட்டையைப் பெட்டியில் மாட்டுமுன் அதைக் கோத்தவர் யார் என்று நெசவாளர் பார்ப்பார். கணிப்பொறியின் முன் அமரும் நமக்கும் அப்பழக்கம் வேண்டும்.