துரு தின்னும் சக்கரங்கள்

திக்லிபூரில் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திவிட்டுத் தாயகம் போய், இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் அன்பர்கள் முதலில் பாட்டரியைத்தான் சோதிக்கிறார்கள். சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் அரியர். நாங்களும் பாராதிருந்து பட்டவர்களே.

போர்ட் பிளேருக்குக் குடும்பத்தோடு புறப்பட்ட விடியற்காலையில் பின்சக்கரம் ஒன்று பாதிக்காற்று இழந்து நின்றது. ஆணி ஏதும் தைக்கவில்லை. டயரைக் கழற்றிய பிறகே உண்மை புலப்பட்டது. டயரின் விளிம்பு படியும் இடத்தில் இரும்பு ரிம் துருவேறிப் பொருமியிருந்தது. அவ்விடுக்கின் வழியே காற்று கசிந்திருக்கிறது. டியூப் இல்லாத டயருக்கு அந்த விளிம்பே அடைப்பு அன்றோ! முற்றத்தில் தெரிந்ததால் பிழைத்தோம். மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஜிர்க்காடாங்கிற்கும் இடையே ஜாரவா மக்களின் வனத்தில் வண்டிகள் காவலோடு வரிசையாகச் செல்லவேண்டும்; இடையில் நிறுத்தவோ இறங்கவோ அனுமதியில்லை. அங்கே சக்கரம் அமிழ்ந்திருந்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம்?

உப்புக் காற்றும் நீண்ட மழையும் நமது தீவின் இயல்பு. 2019இல் ஹம்ஃப்ரி ஜலசந்திப் பாலம் திறக்கப்பட்டதால் ஒரு படகுத்துறை குறைந்தது. எனினும் கடற்காற்றைத் தடுப்பார் யார்? உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே நல்ல தண்ணீரால் சக்கரத்தின் உட்புறத்தையும் கழுவுவதே முதல் வேலை. ஓடிச் சூடேறிய சக்கரத்தில் நீர் ஊற்றலாகாது. பிரேக் தூசியை உலர்ந்த நிலையில் ஊதுவதும் தகாது. பழைய வண்டிகளின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். நனைத்தே துடைக்கவேண்டும்.

இரும்புச் சக்கரமாயின் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, துத்தநாக பிரைமர் பூசி, நன்கு உலர்ந்தபின் வர்ணம் அடிக்கலாம். அச்சோடு பொருந்தும் முகத்திலும் நட்டு அமரும் குழிகளிலும் வர்ணம் தடித்தல் கூடாது. அது நசுங்கினால் நட்டு தளரும். டயர் படியும் விளிம்பைப் பணிமனையில் சுத்தம் செய்வித்து, ரப்பர் வால்வையும் அப்போதே புதிதாக மாற்றிவிடுவது சிக்கனம்.

அலுமினியச் சக்கரத்தின் குணம் வேறு. குத்துவிளக்கு துலக்கும் புளியை நாங்கள் கையில் எடுத்தபோது இல்லத்தரசியார் தடுத்தாட்கொண்டார். பித்தளைக்கு உகந்த புளிப்பு அலுமினியத்திற்கு ஆகாது. சலவைச் சோடாவும் அதை அரிக்கும். இளஞ்சோப்பு நீரும் மென்மையான துணியுமே போதும். மேற்பூச்சு உரிந்து வெண்பூ பூத்திருந்தால் அதை நீக்கி மறுபூச்சு பூசவேண்டும்.

அந்நாளில் இரயில் தொழிலாளர் சுத்தியலால் வண்டிச் சக்கரத்தைத் தட்டி ஓசை கேட்ட வழக்கம் எங்களுக்கு நினைவுக்கு வருகிறது. விரிசலுற்ற சக்கரம் மந்தமாக ஒலிக்குமாம். கார்ச் சக்கரத்தில் நாம் கண்ணைத்தான் நம்பவேண்டும். நட்டுத் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் கண்டாலும், துரு உலோகத்தை மெலிவித்திருந்தாலும், வர்ணம் பூசி மறைப்பது பேதைமை. அச்சக்கரத்தைக் கழித்துவிடவேண்டும்.

திரும்பப் பூட்டுகையில் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குக. எங்கள் சக்கரம் சீரான பின்பு மறுவாரம் புறப்பட்டோம். மாயாபந்தர்ப் பக்கம் தேநீருக்கு நின்றபோது ஸ்பானரை எடுத்து நட்டுகளை மறுமுறை சோதித்தோம். ஒன்று கால் சுற்று இடம் கொடுத்தது.