கம்பராமாயணத்தில் மூன்று நகரங்களின் ஆட்சிமுறை: அவைக்களத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கம்பராமாயணத்தில் அயோத்தி, கிட்கிந்தை, இலங்கை ஆகிய மூன்று நகரங்கள் மூவேறு ஆட்சிமுறைகளின் களங்களாக அமைந்துள்ளன. இவற்றை அறம், மறம் என்னும் இருமைக்குள் அடக்கிப் பார்ப்பதே பெருவழக்கு. செல்வத்தையோ குடிகளின் மகிழ்ச்சியையோ கொண்டு இந்நகரங்களை வேறுபடுத்த இயலாது என்பதையும், மன்னன் கூட்டும் அவையில் மாறுபட்ட சொல்லுக்குக் கிடைக்கும் இடமே கம்பர் கைக்கொள்ளும் அளவுகோல் என்பதையும் இக்கட்டுரை படலங்களின் ஒப்பீட்டின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கம்பராமாயணம், அரசியற் படலம், மந்திரப் படலம், இடித்துரை, அவை, ஆட்சிமுறை

முன்னுரை

கற்பனை நகரங்களை எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்சிமுறையை வகுத்துக்கொடுப்பது காப்பியங்களின் பழைய உத்தி. இக்காலத்தில் அவ்வுத்தி பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளிலும் இடம்பெற்றுள்ளது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. அவ்விளையாட்டு பின்னர் வளர்த்தெடுத்த வகைப்பாட்டில் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஓர் அச்சு; நன்மையும் தீமையும் மற்றோர் அச்சு. இரண்டும் குறுக்கிடும்போது ஒன்பது பிரிவுகள் கிடைக்கின்றன. ஒரு மன்னனையோ நகரத்தையோ அவற்றுள் ஒன்றில் பொருத்திவிடலாம். கம்பரின் இலங்கையை அக்கட்டங்களில் வைக்க முனைபவர், ‘ஒழுங்குடைய தீமை’ என்னும் கட்டத்தைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுப்பர். அவ்வாறு வைத்ததும் கும்பகருணனும் வீடணனும் எந்தக் கட்டத்தில் நிற்பர் என்னும் வினா எழுகிறது. தமிழாய்வுலகில் நிலவும் அறம், மறம் என்னும் பகுப்பும் இதே இடர்ப்பாட்டை உடையதுதான். நகருக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டிவிட்டால், அந்நகருக்குள் யார் பேசினர், யார் கேட்டனர் என்பது மறைந்துபோகிறது.

கம்பர் தம் நூலின் கட்டமைப்பிலேயே வேறொரு வழியைக் காட்டியுள்ளார். ‘அரசியற் படலம்’ என்னும் பெயரில் பாலகாண்டத்தில் ஒன்றும் கிட்கிந்தா காண்டத்தில் ஒன்றும் உள்ளன. அயோத்தியா காண்டத்தின் தொடக்கத்தில் மந்திரப் படலமும், யுத்த காண்டத்தின் தொடக்கப் பகுதியில் இராவணன் மந்திரப் படலமும் அமைந்துள்ளன. இவ்விணைகளை அருகருகே வைத்துப் படித்தால் ஆட்சிமுறைகளின் வேறுபாடு நிகழ்ச்சிகளாகவே புலப்படும்.

வளமை அளவுகோல் ஆகுமா?

கோசல நாட்டை வருணிக்கும் கம்பர், அங்கு வறுமை இல்லாமையால் வள்ளன்மைக்கு வேலை இல்லை என்கிறார். நகரப் படலத்தில், கள்வர் இல்லாமையால் பொருளுக்குக் காவல் இல்லை. பெறுவார் இல்லாமையால் கொடுப்பாரும் இல்லை. இப்பாடல்கள் பலரும் அறிந்தவை. சுந்தர காண்டத்து ஊர்தேடு படலத்தையும் உடன்வைத்து நோக்குவோர் குறைவு. அங்கு அனுமன் காணும் இலங்கையில் களிப்பவர்கள் உளர். கவலையுறுபவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. மாளிகைகளின் ஒளியிலும் மக்களின் நிறைவிலும் இலங்கை அயோத்திக்குக் குறைந்ததன்று. சில இடங்களில் விஞ்சியும் நிற்கிறது. தீய ஆட்சி குடிகளை வாட்டும் என்னும் பொதுவிதி இங்குச் செல்லுபடியாகவில்லை. இராவணன் தன் குடிகளை வருத்தியதாகக் கம்பர் யாண்டும் பாடவில்லை என்றே கூறலாம்.

வளமை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. தயரதன், வறியவன் ஒருவன் தனக்குள்ள ஒரே வயலைப் பேணுவதுபோல உலகைக் காக்கிறான். பேரரசன் ஒருவனுக்கு ஏழை உழவனை உவமையாக்கிய துணிவு வியக்கத்தக்கது. இழந்தால் வேறில்லை என்னும் அச்சம் அவ்வுவமையின் உயிர். புறநானூற்றின் 186ஆம் பாடலில் மோசிகீரனார் மன்னனை உலகத்தின் உயிராகக் கூறினார். கம்பர் அதைத் திருப்பி, உயிர்களெல்லாம் தங்கியிருக்கும் உடம்பாக மன்னனைக் காட்டினார். இம்மாற்றம் ஆய்வாளர் பலரால் எடுத்துக்காட்டப்பட்டதே. உடம்பு உயிருக்காக இருப்பது. எனவே ஆட்சி குடிகளுக்காக இருப்பது என்பது அதன் உட்பொருள்.

இலங்கையின் வளமைக்கு ஊற்று வேறு. ஆரணிய காண்டத்துச் சூர்ப்பணகை சூழ்ச்சிப் படலத்தில் இராவணனின் கொலுமண்டபம் விரிவாக வருணிக்கப்படுகிறது. தீக்கடவுள் அங்கு விளக்கேற்றுகிறான். கூற்றுவன் தன் படைக்கலங்களைக் கைவிட்டு, ஆடையால் வாயைப் பொத்தியபடி நாழிகை சொல்கிறான். உயிர்களின் காலத்தை முடிப்பவன் மணியறிவிக்கும் ஏவலன் ஆகிவிட்டான். அவையில் நிற்போர் நிலையும் கருதத்தக்கது. இராவணன் எப்போது எப்பக்கம் பார்ப்பான் என்று அறிய இயலாமையால் அவர்கள் தலைமேற் குவித்த கையை இறக்குவதே இல்லை. அவன் மகளிரிடம் ஏதேனும் கூறினாலும், தம்மிடம் கூறினான் என எண்ணித் தலை தாழ்த்துவோரும் அங்கு உளர். திருவள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்று தனி அதிகாரமே வகுத்துக் கடிந்த ஆட்சியின் முழுவடிவம் இது. நகரம் களிக்கிறது; அவை நடுங்குகிறது.

இரண்டு மந்திராலோசனைகள்

மந்திரப் படலத்தில் தயரதன் மண்டபத்துள் புகுந்ததும் உடனிருந்த அரசர்களையும் சுற்றத்தாரையும் அன்போடு விலக்கிவிட்டுத் தனியன் ஆகிறான். பின்னரே வசிட்டரும் அமைச்சரும் அழைக்கப்படுகின்றனர். யுத்த காண்டத்தில் இராவணனும் முனிவர், தேவர், மகளிர், இளைஞர் அனைவரையும் விலக்குகிறான். வண்டும் காற்றும்கூட உள்ளே வாராதபடி ஆணையிடுகிறான். இதுவரை இரண்டும் ஒன்றுபோலவே உள்ளன. மந்திரம் மறைவாக நிகழ வேண்டும் என்பது அரசியல் நூல்களின் பொதுவிதி. யார் எஞ்சினர் என்று கேட்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. கேள்வியறிவு மிக்கவராயினும், ஆண்மைச் செயலுக்கு உரியவராயினும், நண்பராயினும், மக்களும் தம்பியரும் போன்ற நெருங்கிய சுற்றத்தார் அல்லாதவரை இராவணன் நீக்கிக் கதவடைக்கிறான். தயரதன் முதலில் விலக்கியது சுற்றத்தை; இராவணன் இறுதியில் எஞ்சவிட்டது சுற்றத்தை. ஒரு சொல்லும் வெளிப்படையாகக் கூறாமல் கம்பர் அமைத்த முரண் இது.

சோழர் காலத் தமிழகத்தில் இவ்வகை எண்ணம் ஏட்டளவில் மட்டும் நின்றதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்வுக்கான தகுதிகளை வகுக்கும்போது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்குகின்றன. கம்பர் இதை நோக்கி எழுதினார் எனக் கூறச் சான்றில்லை. உறவும் பொதுப்பொறுப்பும் ஒன்றோடொன்று கலப்பதால் விளையும் கேட்டை அக்காலச் சமூகம் அறிந்திருந்தது என்பதற்கு மட்டும் இது போதும்.

தயரதனின் அவையில் மற்றொரு நிகழ்ச்சியும் குறிக்கத்தக்கது. இராமனுக்கு முடிசூட்டும் கருத்தைப் பின்னர் அவன் அரசர்களிடம் கூற, அவர்கள் மகிழ்ந்து உடன்படுகின்றனர். அத்துடன் அவன் அமையவில்லை. மகன்மேல் கொண்ட அன்பால் மயங்கி யான் கூறியதற்காக உடன்பட்டீரோ, உள்ளத்தில் ஆய்ந்து உடன்பட்டீரோ என்று கேட்கிறான். தன் விருப்பம் பிறர் கருத்தை வளைத்திருக்கக்கூடும் என்று ஐயுறும் மன்னன் இவன். இராவணன் மந்திரத்தில் அத்தகைய வினா எழவில்லை. குரங்கொன்று நகரை எரித்த இழிவை அவன் முதலில் எடுத்துரைக்கிறான்; படைத்தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து வீரம் பேசுகின்றனர்.

அயோத்தியின் குறை

இவ்வளவில் அயோத்தி வென்றது என்று முடிவுகட்டுவது எளிது. நூல் அதற்கு இடம் தரவில்லை. தயரதனின் அமைச்சர்களை மருத்துவருக்கு ஒப்பிடும் கம்பர், அரசன் வெகுண்டபோதும் தம் உயிரைப் பொருட்படுத்தாது நீதி உரைப்பவர்கள் என்று புகழ்கிறார். அவர்கள் அறுபதினாயிரவர், ஆயினும் அரசனுக்கு உறுதி எண்ணுவதில் அவர்தம் உணர்வு ஒன்றே. இங்குத்தான் சிக்கல் உள்ளது. அரசன் வெகுளியை எதிர்த்து அவர்கள் பேசுவதாக ஒரு காட்சிகூட அமையவில்லை. அனைவரும் உடன்பட்ட முடிவு என்பதால் அவர்தம் துணிவு சோதனைக்கு உள்ளாகவே இல்லை.

சோதனை வந்த இடம் அவை அன்று, கைகேயியின் அரண்மனை. வசிட்டரும் அமைச்சரும் அரசரும் கூடி எடுத்த முடிவு, ஓரிரவில், இருவர் மட்டுமே இருந்த அறையில் குலைந்தது. அங்கு அமைச்சர் ஒருவரும் இல்லை. வசிட்டர் கைகேயியிடம் வாதிடுவது முடிவு நிகழ்ந்துவிட்ட பின்னரே. ஆட்சி எத்துணைச் செம்மையாயினும், அவைக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுக்கு முன் அது காவலற்றுப்போகிறது. கள்வர் இல்லாமையால் காவல் வேண்டாத நகரம் என்ற பழைய வருணனை, இவ்விடத்தில் மீண்டும் நினைவுக்கு வந்தால் அதன் பொருள் சற்றுக் கசக்கும்.

மறுபுறம், நூலின் மிகக் கூர்மையான இடித்துரை இலங்கையில்தான் எழுகிறது. வீரம் பேசியோரை விலக்கிவிட்டுக் கும்பகருணன், பிறன்மனையாளைச் சிறைவைத்துக்கொண்டு மானம் பேசும் முரணை அண்ணன் முகத்தெதிரே உரைக்கிறான். பின் அவனே, இனிச் சீதையை விடுவது இழிவு, போரிடுவதே வழி என்கிறான். இராவணன் அவ்வுரையின் முற்பகுதியைக் கேளாதவன் போலிருந்து, பிற்பகுதியைத் தன் கருத்தென்று தழுவிக்கொள்கிறான். வீடணன் இன்னும் ஒருபடி மேலே செல்கிறான். நகரை எரித்தது குரங்கு அன்று, சானகியின் கற்பு என்கிறான். இரணியன் கதையை விரித்துரைக்கிறான். அதற்குக் கிடைத்த மறுமொழி நாடுகடத்தல். குறளின் 448ஆம் பாடல் சுட்டும் நிலை, இடிப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இன்றியும் கெடுவது. இலங்கையின் நிலை அதனினும் சிக்கலானது: அங்கு இடிப்பார் இருந்தனர், அவர்களைக் கேட்கும் செவி இல்லை.

கிட்கிந்தை: திருத்தத்துக்கு இடந்தரும் ஆட்சி

இவ்விரண்டுக்கும் இடையே கிட்கிந்தை நிற்கிறது. வாலி இறந்தபின் இலக்குவன் சுக்கிரீவனுக்கு முடிசூட்ட, இராமன் அவனுக்கு ஆட்சிமுறையை எடுத்துரைக்கிறான். தலைவன் என்றல்லாமல் பெற்று வளர்த்த தாய் என்று குடிகள் கருதும்படி ஆள்க என்பது அதன் உயிர்நாடி. சிறியர் என்று எவரையும் இகழாதே என்று கூறுமிடத்தில், கூனிக்குத் தான் செய்த சிறு தீங்கால் பெருந்துயரில் வீழ்ந்ததை இராமன் தன்னையே சான்றாக்கிச் சொல்கிறான். பாலகாண்டத்து அரசியற் படலம் குறையற்ற ஆட்சியின் ஓவியம்; கிட்கிந்தா காண்டத்து அரசியற் படலம் நாட்டை இழந்தவன் தன் பிழையிலிருந்து கற்றுத் தரும் பாடம். ஒரே பெயரைக் கம்பர் இரண்டுக்கும் வைத்தது, பின்னதையும் முன்னதற்கு இணையாக மதித்ததால் ஆகலாம்.

கேட்ட அறிவுரையைச் சுக்கிரீவன் விரைவில் மறந்தான். கார்காலம் கழிந்தும் படை வரவில்லை. மன்னன் கள்மயக்கில் கிடந்தான். இலக்குவன் சினத்தோடு வருகையில் அவன்முன் சென்று நின்றவள், கைம்மைக் கோலத்தில் இருந்த தாரை. அவள் தன்னவரையும் கடிந்தாள். இலக்குவன் சினத்தையும் தணித்தாள். விழித்தெழுந்த சுக்கிரீவன் பழியை எவர்மேலும் சுமத்தாமல், கள்ளின் கேட்டைத் தானே பழித்து அதனைக் கைவிடுவதாக உறுதி கூறுகிறான். அயோத்தியின் நிறைவோ இலங்கையின் பொலிவோ அந்நகருக்கு இல்லை. பிழை செய்து, சொல் கேட்டு, மீண்டு நிற்கும் ஆட்சி மூன்று நகரங்களில் அங்கு மட்டுமே காணக்கிடைக்கிறது.

நகரமற்ற அவை

மூன்று நகரங்களுக்கும் புறம்பாக, கடற்கரையில் கூடும் ஓர் அவையையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். இலங்கையிலிருந்து விலக்கப்பட்ட வீடணன் அடைக்கலம் கேட்டு வந்தபோது இராமன் துணைவர்களின் கருத்தை வினவுகிறான். சுக்கிரீவனும் சாம்பவானும் நீலனும் ஏற்கலாகாது என்கின்றனர். ஏனையோரும் அவ்வாறே கருதுகின்றனர். பேசாதிருந்த அனுமனை இராமன் தானே கேட்கிறான். அனுமன் ஒருவன் மட்டும் ஏற்கலாம் என்கிறான், அச்சொல்லே நிலைபெறுகிறது. இலங்கை அவையில் தனித்து நின்ற சொல் வெளியேற்றப்பட்டது. கடற்கரை அவையில் பேசாதிருந்த ஒருவனின் சொல் கேட்டுப் பெறப்பட்டது. இரண்டும் ஒரே மனிதனைப் பற்றிய இரு முடிவுகள்.

அவ்வவையில் இலங்கை அரசு வீடணனுக்கு உரியதாக்கப்படுகிறது. அவன் அப்போது ஒரு வேண்டுகோள் விடுக்கிறான்: இராவணனுக்குப் பின் பிறந்த குறை தீர, இளையவனுக்குச் சூட்டிய முடியையே தனக்கும் சூட்ட வேண்டும் என்பது அது. பரதனுக்குச் சூட்டப்பட்டது மணிமுடி அன்று, இராமனின் பாதுகை. அயோத்தி அரியணை வெறுமையாக இருக்க, நகருக்கு வெளியே நந்திக்கிராமத்தில், ஆள்பவன் தன்னை உரிமையாளனாகக் கருதாமல் நடத்திய ஆட்சியின் அடையாளம் அது. இலங்கையின் அடுத்த மன்னன் தன் நகருக்குள் கால்வைக்கும் முன்பே அதனைத் தலையில் ஏற்றுக்கொண்டான்.